காங்கேசன்துறைப் புகையிரத நிலையம் - ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிற் கோயிலையும், அடுத்துப் பாடசாலையையும், அதன் பின் ஊரிற் பிறந்த பெரியோரையும் பற்றி எழுதுவது வழக்கம். ஊரின் புகையிரத நிலையத்துக்கு அவ்வரலாறுகளில் ஒரு வரிக்கு மேல் இடங் கிடைப்பது அரிது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் இவ்வூர்களின் வாழ்க்கை எவ்வாறு மாறியது என்பதை அறிய முனைவோருக்குக் கோயிற் கல்வெட்டுகளைப் போன்றே புகையிரத நிலையங்களும் பயன்படக்கூடியவை. யார் ஊரைவிட்டுப் போயினர், எதற்காகப் போயினர், எப்பொருள் ஏற்றப்பட்டது, எப்பொருள் இறக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை அந்நிலையங்களின் மேடைகளிலேயே கிடக்கின்றது.

குடாநாட்டு நிலையங்கள் யாவற்றுள்ளும் காங்கேசன்துறை நிலையத்தின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. வடபகுதியில் முதலிற் புகையிரதம் ஓடிய பாதையின் தலைமாடு அது. 1990 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் புகையிரதமின்றிக் கிடந்து, 2015 ஆம் ஆண்டில் வடபாதை நிலையங்களுள் இறுதியாக மீளத் திறக்கப்பட்டதும் அதுவே. முதலிற் பெற்று இறுதியில் மீளப் பெற்ற இந்நிலையத்தின் கதையை ஆராய்ந்தால், ஒரு புகையிரத நிலையம் எதனால் உயிர் வாழ்கின்றது என்னும் பொதுவினாவுக்கும் விடை காணலாம்.

காங்கேசன்துறை என்னும் பெயருக்கு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலோடு தொடர்புடைய ஐதிகம் ஒன்று வழங்கி வருகின்றது. அக்கோயிலுக்குரிய காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கியமையாலேயே அத்துறை இப்பெயர் பெற்றது என்பர். ஐதிகத்தின் உண்மை எவ்வாறாயினும், பொருளும் மனிதரும் வந்திறங்கும் துறையாகவே அவ்வூர் மக்கள் மனத்திற் பதிந்திருந்தது என்பதை இப்பெயர் காட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 1893 ஆம் ஆண்டில், அங்கு வெளிச்சவீடு ஒன்றும் எழுந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்வோருக்கு இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, கரையோரமாகச் செல்லும் கப்பல். மற்றையது, மலேரியாக் காய்ச்சல் மலிந்த வன்னிக் காட்டினூடாகப் பல நாள் செல்லும் தரைவழி.

இலங்கையில் முதலாவது புகையிரதப் பாதை கொழும்புக்கும் அம்பேபுசைக்கும் இடையில் 1865 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டு, 1867 இற் கண்டியை அடைந்தது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அதன் தலையாய நோக்கமாகும். கோப்பியோ தேயிலையோ விளையாத வடபகுதிக்குப் பாதை அமைப்பதால் வருவாய் உண்டாகுமா என்னும் ஐயம் ஆட்சியாளரிடம் நெடுங்காலம் நிலவியது. எனவே, கண்டிக்குப் புகையிரதம் சென்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரே யாழ்ப்பாணத்தின் முறை வந்தது. சேர் வெஸ்ற் ரிட்ஜ்வே தேசாதிபதியாக இருந்த காலத்தில் (1896 - 1903) வடபாதை வேலைகள் தொடங்கின.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வடபாதை தெற்கிலிருந்து மட்டும் வளர்ந்து யாழ்ப்பாணத்தை அடைந்ததன்று. வடக்கு முனையிலும் வேலை நடைபெற்றது. 1902 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான இருபத்தொரு மைல் அளவான பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அது பளைவரை நீண்டது. அப்பொழுது அநுராதபுரத்துக்கே தெற்கிலிருந்து பாதை வந்து சேரவில்லை. குருநாகலிலிருந்து அநுராதபுரம் வரையிலான பகுதி 1904 இலும், யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைக்கும் முழுப்பாதை 1905 ஆம் ஆண்டு ஓகஸ்டு முதலாந் திகதியும் திறக்கப்பட்டன. ஆகவே, மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் குடாநாடு நாட்டின் ஏனைய பாதைகளோடு தொடர்பற்ற தனிப் புகையிரதம் ஒன்றைக் கொண்டிருந்தது. அப்பாதை தொடங்கிய இடம் கடற்கரையாகும். பிற்காலத்தோர் காங்கேசன்துறையைக் 'கடைசி ஸ்ரேசன்' என்று அழைத்தனர். ஆனால், பிறப்பில் அது முடிவிடமன்று, தொடக்கவிடம். கடல்வழி வந்தோரும் வந்த பொருளும் தரைவழி ஏறும் சந்தியாகவே அந்நிலையம் தோன்றியது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வரையிலான பாதை ஏறத்தாழப் பதினொரு மைல் நீளமுடையது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் ஆகிய நிலையங்கள் இவ்வழியில் அமைந்தன. வன்னியில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காடே காட்சியளிக்கும். வலிகாமத்திலோ ஒன்றரை மைலுக்கு ஒரு நிலையம் என்னுமளவுக்கு அவை நெருங்கி நின்றன. செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் வேலியடைத்த வளவுகளும் செறிந்த நிலப்பகுதியிற் புகையிரதம் ஊர்வீதியிற் செல்லும் வண்டியைப் போன்றே இயங்கியது. புகையிலை, வெங்காயம், மிளகாய், பனம்பொருள் என்பன தெற்கே சென்றன. அரிசி முதலிய உணவுப் பொருள்களும் கடைச்சரக்குகளும் வடக்கே வந்தன. மக்கள் புகையிரதத்தைக் 'கோச்சி' என்றனர். கோச்சி கூவும் ஓசையைக் கொண்டு நேரத்தைக் கணித்துத் தோட்டத்துக்கு இறைப்பதும் அடுப்பு மூட்டுவதும் பாதையோர ஊர்களில் வழக்கமாயின.

எனினும், அந்நிலையங்களிலிருந்து புறப்பட்டவற்றுள் மிக முக்கியமான 'பொருள்' புகையிலையன்று, படித்த இளைஞரேயாவர். அமெரிக்க மிசனரிமார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெல்லிப்பழையிற் கல்விப்பணியை ஆரம்பித்திருந்தனர். 1910 ஆம் ஆண்டிற் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை அவ்வூரில் மகாஜனக் கல்லூரியை நிறுவினார். காங்கேசன்துறையில் நடேஸ்வராக் கல்லூரி எழுந்தது. வரண்ட நிலமும் சிறு காணித்துண்டுகளும் கொண்ட குடாநாட்டிற் கல்வியே பெருஞ்செல்வமாகக் கருதப்பட்டது. அக்கல்வியைப் பெற்றோர் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் தெற்கே சென்றனர். மாதந்தோறும் அவர்கள் அனுப்பிய காசு ஊரிற் கல்வீடாகவும் சீதனக் காணியாகவும் கோயிற் திருப்பணியாகவும் உருப்பெற்றது. குடாநாட்டின் பொருளாதாரத்தை 'மணியோடர்ப் பொருளாதாரம்' என்று பலர் குறிப்பிடுவர். அப்பொருளாதாரத்தின் அச்சாணியாக விளங்கியது இப்புகையிரதப் பாதையே எனலாம். அரசாங்க உத்தியோகத்தர் புகையிரதச் சலுகைச் சீட்டான 'வாறண்டு' பெற்று விடுமுறைக்கு ஊர் வருவதும், நிலைய மேடையில் உறவினர் திரண்டு காத்திருப்பதும் ஒரு தலைமுறையின் சமூக வழமைகளாயின.

இவ்விடத்து மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பாதை ஊருக்குக் காசைக் கொண்டுவந்தது. அதே பாதை ஊரின் இளைஞரைக் கொண்டுசென்றது. குடாநாட்டின் நல்வாழ்வு தெற்கிலுள்ள அரசாங்க வேலையைச் சார்ந்ததாயிற்று. இச்சார்பின் ஆபத்து 1956 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 23 ஆம் திகதி கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் யாழ்தேவி கடுகதிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. காலையிற் புறப்பட்டவர் மாலைக்கு முன் மறுமுனையை அடைய அது வழிசெய்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியிற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியெனச் சட்டம் நிறைவேறியது. பயணம் விரைவாகிய அதே வேளையிற் பயணத்தின் காரணமாகிய உத்தியோகத்தின் வாயில் ஒடுங்கத் தொடங்கியது என்பது வரலாற்றின் முரணாகும்.

உத்தியோகப் பயணத்துக்குப் புறம்பாகக் காங்கேசன்துறை நிலையத்துக்கு வேறொரு பலமும் இருந்தது. அது சீமெந்து ஆலையாகும். குடாநாட்டின் நிலத்தடியிற் பரந்து கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லை மூலப்பொருளாகக் கொண்டு 1950 ஆம் ஆண்டில் அங்குச் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. சுண்ணாம்புக்கல் அருகிலேயே அகழப்பட்டது. ஆனால், சீமெந்துக்கு வேண்டிய களிமண் குடாநாட்டிற் போதியளவு இல்லை. அது மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து புகையிரதத்திற் கொண்டுவரப்பட்டது. முருங்கன் 1914 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட தலைமன்னார்ப் பாதையில் உள்ளது. அங்கு ஏற்றிய களிமண் மதவாச்சிச் சந்திவரை தென்கிழக்கே சென்று, பின்னர் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக மீண்டும் வடக்கே வந்து காங்கேசன்துறையிற் கொட்டப்பட்டது. அதனாற் கிடைத்த சீமெந்து அதே பாதையாலே தெற்கு நோக்கிச் சென்றது. வன்னியின் மண்ணும் வலிகாமத்தின் கல்லும் சேர்ந்து நாட்டின் கட்டடங்களாகிய இச்செயன்முறைக்குத் தண்டவாளமே இணைப்பாக இருந்தது. ஆனையிறவு உப்பளமும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இதே பாதையின் அருகில் அமைந்திருந்தமையும் கருதத்தக்கது. வடபகுதியின் அரச கைத்தொழில்கள் ஒரே தண்டவாளத்திற் கோத்த மணிகளாக விளங்கின.

இவ்வாறு கடல், கல்வி வழிவந்த உத்தியோகம், கைத்தொழில் என்னும் மூன்று தொடர்புகள் காங்கேசன்துறை நிலையத்தில் ஒன்றுகூடின. நிலையத்தின் உயிர் கட்டடத்தில் அன்றி இம்மூன்று தொடர்புகளின் முடிச்சிலேயே தங்கியிருந்தது.

1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின்னர் இம்முடிச்சு அவிழத் தொடங்கியது. கொழும்பில் உடைமைகளை இழந்த தமிழர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். எண்பது ஆண்டுகளாக இளைஞரைத் தெற்கே அனுப்பிய ஊர், அவர்களை அகதிகளாகக் கடல்வழி பெற்றுக்கொண்டது. 1985 ஆம் ஆண்டு சனவரி 19 ஆம் திகதி, படையினர் பயணஞ் செய்த யாழ்தேவி முறிகண்டிப் பகுதியில் விடுதலைப் புலிகளின் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகியது. அதன் பின்னர் சேவைகள் இடையிடையே தடைப்பட்டும் மீண்டும் நடைபெற்றும் வந்தன. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை முற்றாக நின்றது. அம்மாதத்திலேயே வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. சீமெந்து ஆலையும் நின்றது. பலாலியையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. புகையிரதம், ஆலை, மக்கள் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் ஊரைவிட்டு அகன்றன.

புகையிரத நிலையங்கள் பயன்பாடற்றுப் போவது உலகில் வேறெங்கும் நிகழாததன்று. பிரித்தானியாவில் 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த பீச்சிங் அறிக்கை, நட்டக் கணக்கைக் காட்டி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. அங்குக் கிராம நிலையங்களை மூடியது கணக்கேடு. பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள தனுஷ்கோடி நிலையத்தை 1964 ஆம் ஆண்டு திசம்பர் மாதத்துப் பெரும்புயல் அழித்தது. அங்கு நிலையத்தை மூடியது கடல். காங்கேசன்துறையில் நிகழ்ந்தது இவ்விரண்டிலும் வேறானது. பயணிகள் குறைந்து அந்நிலையம் மூடப்படவில்லை. இயற்கையும் அதனை அழிக்கவில்லை. பயணஞ் செய்ய விரும்பிய மக்களும் பயணஞ் செய்யவேண்டிய காரணமும் இருக்கையிலேயே பாதை இல்லாதொழிந்தது. கணக்கேடு மூடிய நிலையத்துக்கு விடைகொடுக்க ஊரார் கூடுவர். புயல் அழித்த நிலையத்தை ஊரார் நினைவுகூர்வர். போர் மூடிய நிலையத்தை அவ்வூரார் சென்று பார்க்கவும் இயலவில்லை.

அடுத்த இரு தசாப்தங்களில் பாதைக்கு நேர்ந்தது புகையிரத வரலாற்றில் அரிதாகவே காணப்படுவது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் அகற்றப்பட்டன. அவை போரிட்ட தரப்புகளின் பதுங்குகுழிகளுக்குக் கூரையும் சுவருமாயின. புகையிரதப் பாதை இருந்த மேட்டுத்தடம் சில இடங்களில் ஒழுங்கையாகவும் சில இடங்களிற் பற்றைக்காடாகவும் மாறியது. வலயத்துக்கு வெளியே இருந்த சில நிலையக் கட்டடங்களிலும் பாதையோரக் காணிகளிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஒதுங்கி வாழ்ந்தன. பயணிகள் தங்கிச் செல்வதற்கென அமைந்த கட்டடங்கள், போக்கிடமற்றோரின் வீடுகளாயின. அதே காலத்தில் காங்கேசன்துறைத் துறைமுகம் வேறு முறையில் இயங்கியது. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டவர் கப்பலிற் திருகோணமலை சென்று அங்கிருந்து தெற்கே செல்லவேண்டியவராயினர். புகையிரதம் வருவதற்கு முற்பட்ட காலத்துப் பயணமுறை நூறாண்டு கழித்து மீண்டும் வந்தது.

போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. அதன் பின்னர் வடபாதை இந்திய அரசின் கடனுதவியுடன், இந்திய நிறுவனமாகிய இர்கொன் மூலம் மீள அமைக்கப்பட்டது. ஓமந்தையிலிருந்து பளைவரை ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறைவரை ஐம்பத்தாறு கிலோமீற்றர் எனப் பாதை புதிதாகவே இடப்பட்டது. புகையிரதம் 2013 செத்தெம்பரிற் கிளிநொச்சியையும், 2014 மார்ச்சிற் பளையையும், 2014 ஒக்தோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணத்தையும், 2015 சனவரி 2 ஆம் திகதி காங்கேசன்துறையையும் அடைந்தது. 1902 இல் வடமுனையிலிருந்து தெற்கு நோக்கி வளர்ந்த பாதை, இம்முறை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்தது. 1990 இற் பிறந்த குடாநாட்டுக் குழந்தை, தன் ஊரிற் புகையிரதத்தை முதன்முதல் கண்டபோது அதற்கு வயது இருபத்து நான்கு.

மீள்வருகை பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. குறைந்த செலவில் நோயாளரும் மாணவரும் முதியோரும் பயணஞ் செய்ய அது வழி திறந்தது. ஆயினும், திரும்பி வந்தது எது என்பதை வரலாற்று மாணவர் நுணுகி நோக்குதல் வேண்டும். 2015 சனவரியிற் காங்கேசன்துறை நிலையத்தில் வண்டி வந்து நின்றபோது, அந்நிலையத்தைச் சூழ்ந்த காணிகளிற் பெரும்பகுதி இன்னும் படையினர் வசமே இருந்தது. மேடை இருந்தது, மேடையை நோக்கி நடந்துவர ஊர் இருக்கவில்லை. அவ்வாண்டு முதல் வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. அவ்வாறு விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியோர் பலருக்கு வீடு இருந்த இடத்திற் பற்றையும், வேலி இருந்த இடத்தில் எல்லை தெரியாத வெளியுமே எஞ்சியிருந்தன. கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை இறந்துபோயிற்று. மறு தலைமுறை வேறு ஊர்களிலும் வெளிநாடுகளிலும் வேரூன்றிவிட்டது. சீமெந்து ஆலை மீள இயங்கவில்லை. முருங்கன் களிமண் வரவில்லை. உத்தியோகத்துக்குத் தெற்கே போன மரபும் முன்போல் இல்லை. முன்னாளில் தெற்கிலிருந்து மணியோடர் வந்த வீடுகளுக்கு, பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் காசு வரலாயிற்று. அதனை உழைத்தவர் யாழ்தேவியில் ஏறி விடுமுறைக்கு வரக்கூடியவரல்லர்.

ஆகவே, புதுப்பிக்கப்பட்டது பாதையே, முடிச்சன்று. முன்னர் குறிப்பிட்ட மூன்று தொடர்புகளுள் கடலுடனான தொடர்பு மாத்திரம் சிறிது துளிர்த்துள்ளது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பற்சேவை 2023 ஒக்தோபரில் ஆரம்பிக்கப்பட்டு, சில நாள்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கப்பலால் இறங்கியோர் புகையிரதத்தில் ஏறும் சந்தி என்னும் தொடக்க காலத் தன்மையைக் காங்கேசன்துறை மீளப் பெறுவதற்கு இஃது ஒரு வாய்ப்பாகும்.

ஒரு நிலையத்தைத் திறப்பதற்குத் தண்டவாளமும் கட்டடமும் போதும். அதனை வாழவைப்பதற்கு அதனைச் சுற்றி மக்களுக்குக் காணியும் தொழிலும் வேண்டும். புகையிரதம் ஓடிய ஆண்டுகளின் கதையை அரசாங்க அறிக்கைகளிலிருந்து ஒருவாறு எழுதிவிடலாம். ஓடாத கால் நூற்றாண்டின் கதையோ அறிக்கைகளில் இல்லை. அது ஓய்வுபெற்ற நிலைய அதிபரிடமும், சீமெந்து ஆலைத் தொழிலாளியிடமும், நிலையக் கட்டடத்தில் அடுப்பு மூட்டி வாழ்ந்த தாயிடமும் உள்ளது. அவர்கள் முதுமை எய்திவிட்டனர். கல்வெட்டைப் படியெடுப்பதற்குக் காட்டும் அக்கறையை இவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்வதிலும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் காட்டுவாராயின், வடபகுதியின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றிற் காணாமற்போன பக்கங்கள் சில கிடைக்கும்.